ஊருக்குப் போகும்போது கீசரை என்ன செய்வது: வைஃபை பிளக்கும் மூணாறு குளிரும்

இது ஒரு 16 ஆம்பியர் வைஃபை பிளக், அதாவது சுவர் சாக்கெட்டுக்கும் சாமானுக்கும் நடுவில் சொருகி போன் ஆப்பில் ஆன், ஆஃப் செய்யும் பிளக் பற்றிய விமர்சனம். கீசரையும் சேர்த்துப் பேசாமல் இதை எழுத முடியாது, ஏனென்றால் வாங்கியதே கீசருக்காகத்தான், அதுவும் நாங்கள் வீட்டில் இல்லாத நாட்களுக்காக. வீடு மூணாறை அடுத்த தேவிகுளம் பக்கம். குளியலறையில் 25 லிட்டர், 2000 வாட் கீசர். பிள்ளைகளின் ஏப்ரல், மே லீவு, பொங்கல், ஊர்க் கோயில் கொடை என்று எதற்காவது போடிமெட்டு இறங்கி தேனி வழியாகக் கோவில்பட்டிப் பக்கம் போய்விடுவோம். எங்களை மாதிரி எஸ்டேட் வழி வந்த குடும்பங்கள் பலவற்றுக்கும் இதுதான் பாதை. கீழே போனால் வெந்நீர் என்ற பேச்சே கிடையாது, மொட்டை மாடி டேங்க் தண்ணியே மத்தியானம் கையைச் சுடும். மேலே வீட்டில் கீசர் என்ன நிலையில் கிடக்கிறது என்ற கவலை மட்டும் கூடவே இறங்கி வரும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் காரணத்துக்காக இல்லை. "எங்கிருந்தாலும் கீசரை ஆஃப் செய்யலாம்" என்று படம் போட்டு விற்கிறார்கள். ஊருக்குப் போகிறவனுக்கு அது தேவையே இல்லை. கிளம்பும்போது கையால் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிப் போட்டு, தண்ணி வரும் வால்வை மூடிவிட்டால் வேலை முடிந்தது, அதற்கு ஒரு பைசா செலவில்லை. பிளக் உதவுவது வேறு இடங்களில்: கீசர் எவ்வளவு தின்கிறது என்று காட்டுகிறது, நாம் இல்லாதபோது வீட்டில் வேறு ஆள் தங்கினால் பயன்படுகிறது, மழைக்காலத்தில் வீட்டில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்கிறது. இந்த மூன்றில் எதுவும் உங்களுக்கு வேண்டாம் என்றால் இதற்கு மேல் படிக்காமலே பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

விலை ஆயிரத்துச் சொச்சம். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஆம்பியர். 10 ஆம்பியர் பிளக் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர்தான் இழுக்கும், அப்போது 10 போதுமே என்று கணக்குப் போடத் தோன்றும். போடாதீர்கள். கீசர் மிக்ஸி மாதிரி இரண்டு நிமிஷம் ஓடி நிற்கிற சாமான் இல்லை, முக்கால் மணி நேரம் முழு லோடில் நிற்கும், உள்ளே கரண்டை வெட்டிச் சேர்க்கிற ரிலே அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசராக இருந்தால் 13 ஆம்பியர், அங்கே பேச்சுக்கே இடமில்லை. எங்களுக்கு முதலில் வந்த பிளக்கில் ஒரு பின் பக்கம் சில வாரத்தில் பழுப்பேறிப் போனது. எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, பிளக்கைத் திட்டாதீங்க, உங்க சாக்கெட்டைப் பாருங்க. உள்ள பிடிமானமே இல்ல, ஆடுது. லூசா இருந்தா எந்தப் பிளக்கைச் சொருகினாலும் கருகத்தான் செய்யும்."

சாக்கெட்டை மாற்றினார், வயரையும் பார்த்தார், 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) தடிமனில் போட்டிருந்ததால் அதை விட்டுவிட்டார். பிறகு வேறு பிளக் வந்தது, இன்றுவரை அந்தப் பிரச்சினை இல்லை. இந்தப் பிளக் வாங்குகிற எல்லாரும் முதலில் சாக்கெட்டை ஒரு ஆளிடம் காட்டுங்கள். இன்னொன்று, சாக்கெட் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். மூணாறில் மழைக்காலத்துச் சுவரே வியர்க்கும், நீராவி நிறைந்த அறைக்குள் ஒரு எலக்ட்ரானிக் சாமானை வைத்து நல்லபடி ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆப்பில் சேர்ப்பது சுலபம் என்று எழுதியிருந்தார்கள், அரை நாள் போனது. இந்த வகைப் பிளக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் ஒட்டும். புது ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் கலந்து விடுவதால் போன் 5-ல் இருக்கும், பிளக் 2.4-ஐத் தேடும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கும். ரவுட்டரில் இரண்டையும் தனித்தனிப் பெயராகப் பிரித்ததும் உடனே சேர்ந்துவிட்டது. இதைக் கையேட்டில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

இனி உண்மையிலேயே பிடித்த பகுதி, அதன் மீட்டர். எங்கள் பக்கம் டிசம்பர், ஜனவரியில் குழாய்த் தண்ணி 15 டிகிரியைச் சுற்றி இருக்கும், சில விடியற்காலைகளில் அதற்கும் கீழே. 25 லிட்டரை 15-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 1.3 யூனிட் வேண்டும், இது பௌதிகக் கணக்கு, எந்தக் கம்பெனி கீசரானாலும் மாறாது. 2000 வாட்டில் ஏறக்குறைய 40 நிமிஷம். பிளக்கும் அதையேதான் காட்டியது. ஆனால் மாலை நேரத்தில் மட்டும் இந்தக் கணக்கு உதைத்தது, ஒரு மணி நேரம் ஆகியும் சூடாகவில்லை. ஆப்பில் வோல்ட்டேஜைப் பார்த்தால் 190. ஹீட்டிங் எலிமென்ட்டுக்கு வோல்ட்டேஜ் குறைந்தால் வாட் அதன் வர்க்கத்தில் குறையும், 190 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் 1365 வாட்தான் கொடுக்கும். அதனால் 40 நிமிஷ வேலை ஒரு மணி நேரத்தைத் தொடும். யூனிட் அதேதான், நேரம்தான் கூடுகிறது. வருஷக்கணக்காக "கீசர் பழசாகிவிட்டது, மாற்றணும்" என்று வீட்டில் நடந்த பஞ்சாயத்து இதோடு முடிந்தது, குற்றவாளி கீசர் இல்லை, லைன்.

சரி, ஊருக்குப் போகும்போது ஆஃப் செய்ய மறந்தால் எவ்வளவு போகும்? பலர் நினைப்பதுபோல 2000 வாட்டும் இரவு பகலாக ஓடாது. தெர்மோஸ்டாட் சூடு வந்ததும் வெட்டிவிடும், ஆறினால் திரும்பப் போடும். ஆறுவதை ஈடு கட்ட ஆகும் கரண்ட் மட்டும்தான் நஷ்டம். கீசரில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளைப் பாருங்கள், 24 மணி நேரம் சும்மா நின்றால் எத்தனை யூனிட் போகும் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், தண்ணிக்கும் வெளியே இருக்கும் காற்றுக்கும் 45 டிகிரி வித்தியாசம் என்று வைத்துப் பார்த்த எண் அது. கோவில்பட்டி வெயிலில் அந்த வித்தியாசம் வரவே வராது, அங்கே நஷ்டம் லேபிளில் போட்டதைவிடக் குறைவு. எங்கள் குளியலறையில் ஜனவரியில் அந்த 45 அப்படியே வரும். எங்கள் பழைய கீசர் சும்மா நின்றே நாளுக்கு ஒரு யூனிட்டை ஒட்டிச் சாப்பிட்டது. ஒரு வாரம் மறந்தால் ஏழெட்டு யூனிட். கேரள மின்வாரியத்தின் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும்போது அது தெரியத்தான் செய்யும், ஆனால் அதற்காகப் போடிமெட்டில் வண்டியை நிறுத்தித் திரும்பி ஓடும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

பயப்பட வேண்டியது பணத்துக்கு இல்லை. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு வெட்டாமல் போனால், அதற்கு மேல் சூடு மீறினால் கரண்டை வெட்டும் ஒரு தெர்மல் கட்அவுட் இருக்கிறது, அதுவும் பழசானால் பிறகு சேஃப்டி வால்வை நம்ப வேண்டும். மூன்றும் ஒரே நாளில் கைவிடுவது அபூர்வம். ஆனால் ஆளில்லாத வீட்டில் அந்த அபூர்வத்துக்கும் நேரம் நிறையக் கிடைக்கிறது. அதனால்தான் ஆஃப் செய்துவிட்டுப் போவது, யூனிட்டுக்காக அல்ல.

இந்த இடத்தில் பிளக்கின் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஆப்பில் "ஆஃப்" என்று காட்டினாலும் இந்தப் பிளக்குகள் பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டும்தான் வெட்டும், கரண்ட் வரும் பேஸை. நியூட்ரல் இணைப்பிலேயே இருக்கும். பழைய வீடுகளில், குறிப்பாக பாதி வயரிங் ஒருத்தர் பாதி இன்னொருத்தர் செய்த வீடுகளில், சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது சாதாரணம். அப்படி இருந்தால் பிளக் வெட்டுவது நியூட்ரலை, எலிமென்ட்டில் பேஸ் நிற்கும், ஆப்பில் பச்சை விளக்கு அணைந்திருக்கும், நாமும் நிம்மதியாக இருப்போம். ஒரு டெஸ்டரை வைத்து சாக்கெட்டின் வலப்பக்க ஓட்டையில் பேஸ் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், அரை நிமிஷ வேலை.

இ.எல்.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் வீட்டு லைனையே வெட்டும் சுவிட்ச், அந்த விஷயமும் இதோடு சேர்ந்தது. எலிமென்ட் பழசாகி உறை அரித்துப்போனால் கொஞ்சம் கொஞ்சமாக எர்த்துக்குக் கசியும், இ.எல்.சி.பி. தட்டிவிடும். நியூட்ரல் பக்கம் கசிவு இருந்தால் பிளக் ஆஃபில் இருந்தாலும்கூடத் தட்டலாம். நாம் ஊரில் இருக்கும்போது அப்படித் தட்டினால் கீசர் மட்டுமா போகும், பிரிட்ஜும் போகும். உள்ளே மீன் வைத்துவிட்டுப் போனவர்களுக்குத் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது அது என்ன என்று தெரியும். ஆகவே லீவுக்குப் போனால் போர்டில் கீசருக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, பிளக்கையும் சாக்கெட்டிலிருந்து முழுதாக உருவி விடுவதுதான் சரி. மெயினையே அணைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, பிரிட்ஜைக் காலி செய்துவிட்டால் அது இன்னும் நல்லது. ஆனால் அப்போது பிளக்கும் அணையும், ஆயிரத்துச் சொச்சம் கொடுத்த ஆப்பில் "ஆஃப்லைன்" என்று ஒரு சாம்பல் நிறக் கட்டம்தான் மிஞ்சும். பாதுகாப்பாக இருந்தால் பிளக்குக்கு வேலை இல்லை, பிளக்குக்கு வேலை கொடுத்தால் முழுப் பாதுகாப்பு இல்லை. விளம்பரம் எழுதியவர்கள் இதை யோசித்த மாதிரி தெரியவில்லை.

மழைக்காலம் தனிக் கதை. ஜூனில் பிடித்தால் ஆகஸ்ட் வரை காற்றும் மழையும்தான், ஒரு கிராண்டிஸ் மரம் லைனில் சாய்ந்தால் போதும், எஸ்டேட் முழுக்க இருட்டு. 1912-க்குப் போன் போட்டால் எடுப்பார்கள், ஆளும் வருவார்கள், ஆனால் மண் சரிந்த ரோட்டில் அவர்களும் மனிதர்கள்தானே. இந்த மாதிரி கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இந்தப் பிளக் வாங்கினால் முதலில் மாற்ற வேண்டிய செட்டிங் ஒன்று இருக்கிறது: கரண்ட் திரும்ப வந்ததும் பிளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது. எங்களுக்கு வந்ததில் "கடைசியில் இருந்த நிலை" என்று இருந்தது. அதாவது கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது, நாம் கிளம்பிவிட்டோம், ராத்திரி கரண்ட் வந்ததும் கீசர் தானாக ஓடத் தொடங்கும். சில பிளக்குகளில் "எப்போதும் ஆன்" என்றே வருகிறதாம். அதை "ஆஃப்" என்று மாற்றிவிடுங்கள். செட்டிங்கில் இரண்டு மூன்று படி உள்ளே போனால் கிடைக்கும். இந்த வசதி இல்லாத பிளக் என்றால் கீசருக்கு வாங்கவே வேண்டாம், நைட் லேம்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதே ஆஃப்லைன் கட்டம் ஒரு விதத்தில் நல்லதும் செய்கிறது. ரவுட்டரை இன்வெர்ட்டரில் போட்டிருக்கிறோம், கீசர் நேர் லைனில். அதனால் ரவுட்டர் உயிரோடு இருக்கும்போது பிளக் மட்டும் ஆஃப்லைன் என்றால் வீட்டில் கரண்ட் இல்லை என்று அர்த்தம். முன்பெல்லாம் பக்கத்து வீட்டுச் சேச்சிக்குப் போன் போட்டு, "சேச்சி, கரண்ட் உண்டோ?" என்று கேட்டு, அவர் "இவிடெ மூணு நாளாயி கரண்ட் இல்ல" என்று தொடங்கி ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்போம். இப்போது பிளக் சொல்லிவிடுகிறது. சேச்சிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

தண்ணிக்கு வருவோம், உண்மையில் கீசர் என்றால் பாதி விஷயம் தண்ணிதான், இதை எந்த ஆப்பும் தொடுவதில்லை. எங்கள் பக்கம் நிறைய வீடுகளுக்கு மேலே மலையில் ஓடையை மறித்து ஒரு டேங்க் கட்டி, கறுப்பு ஹோஸ் இழுத்துத்தான் தண்ணி வருகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் பிரஷர் என்று வைத்தால், டேங்க் வீட்டுக்கு மேலே அறுபது மீட்டரில் இருந்தால் ஆறு பார். வீட்டு மாடியில் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு அரை பார்கூடத் தேறாது. கீசர் உடம்பு 8 பார் தாங்கும் என்று லேபிளில் போட்டிருக்கலாம், ஆனால் சுவரிலிருந்து கீசருக்குப் போகும் அந்த முழ நீளக் கனெக்‌ஷன் பைப் தாங்குமா என்பதுதான் கேள்வி. ராத்திரி யாரும் குழாய் திறக்காத நேரத்தில் பிரஷர் முழுசும் அதன் மேல்தான் நிற்கும். அது ஒரு நாள் வாயைப் பிளந்தால், நாம் ஊரில் கொடைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேலே ஓடை முழுக்க நம் வீட்டு வழியாக ஓடும். நேரடியாக ஓடையிலிருந்து இழுத்தவர்கள் நடுவில் ஒரு சின்ன டேங்க் வைத்து பிரஷரை உடைத்துவிடுவது நல்லது. அது முடியாதவர்கள் கிளம்பும்போது இன்லெட் வால்வை மூடுங்கள். இது சுவிட்சை அணைப்பதைவிட முக்கியம் என்றே சொல்வேன்.

சேஃப்டி வால்வில் கீசர் ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணி விழுந்தால் அது பழுது இல்லை. 25 லிட்டர் தண்ணி 15-லிருந்து 60-க்கு ஏறும்போது ஏறக்குறைய 400 மில்லி விரியும், திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு இருப்பதால் அந்த விரிந்த தண்ணி வால்வு வழியாக வெளியே வருகிறது. வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சொட்டுகிறதே என்று அந்த ஓட்டையில் எம்-சீல் வைத்து அடைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் கால் தானாகப் பின்னால் போனது.

இப்போது வைஃபை பிளக்கின் பெருமையான வசதிக்கு வருகிறேன், திரும்பி வரும்போது வழியிலிருந்தே கீசரைப் போடுவது. பூப்பாறை தாண்டும்போது போட்டால் வீடு சேரும்போது வெந்நீர் தயார். கேட்க நன்றாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் இதற்கு பிளக் சாக்கெட்டில் இருக்க வேண்டும், எம்.சி.பி. ஏறியிருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக கீசருக்குள் தண்ணி இருக்க வேண்டும். லீவுக்கு முன் கீசரைக் காலி செய்துவிட்டுப் போன ஒருவர் பஸ்ஸில் வரும்போதே ஆப்பைத் தட்டினால், வெறும் தொட்டிக்குள் எலிமென்ட் காயும், நிமிஷத்தில் முடிந்துவிடும். காலி செய்யாவிட்டாலும் மேலே ஹோஸை யானை மிதித்துப் போட்டிருந்தால் குழாயில் தண்ணி வராது. படையப்பா என்ற காட்டு யானை உலா வரும் ஊர், இது கற்பனை இல்லை. நான்-ரிட்டர்ன் நன்றாக இருந்தால் தொட்டித் தண்ணி அப்படியே நிற்கும், பழையதாக இருந்தால் பின்வழியாக இறங்கியும் போகலாம். வீட்டில் ஆள் இருந்து குழாயைத் திறந்து பார்த்து "தண்ணி வருது" என்று சொன்னால் ஒழிய தூரத்திலிருந்து போடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆள் இருந்தால் அவரே சுவிட்சைப் போட்டுவிடுவாரே என்று என் மனைவி கேட்டாள். பதில் இல்லை.

கீசரைக் காலி செய்ய வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கனடாவில் இருக்கும் என் மச்சான் குளிர்காலத்தில் ஊருக்கு வந்தால் அதைப் பற்றித்தான் பேசுவான். அங்கே நிலவறையில் நாற்பது காலன், அதாவது 150 லிட்டர் கேஸ் டேங்க் நிற்கும். திருகில் லீவுக்கென்றே ஒரு குறி போட்டிருப்பார்கள், அதில் வைத்தால் சூட்டை ரொம்பக் குறைத்து, தண்ணி உறையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும். வீட்டுச் சூடேற்றி நின்றுபோனால் பைப்பெல்லாம் உறைந்து வெடிக்கும் ஊர் அது, காலி செய்வதற்கு அங்கே காரணம் இருக்கிறது. இங்கே செண்டுவாரைப் பக்கம் சில ஜனவரிகளில் புல் மேல் உறைபனி படியும், டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுக்க வருவார்கள், ஆனால் வீட்டுக்குள் இருக்கும் தொட்டி உறையாது. காலி செய்தால் உள்ளே காற்றுப் பட்டு ஈரமான இடம் துருப்பிடிப்பதுதான் மிச்சம். நிறைத்தே விட்டுவிடுங்கள்.

நின்ற தண்ணியில் கிருமி வராதா என்றால், வரலாம். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையான வெதுவெதுப்பில்தான் பெருகும். 1976-ல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களுக்கு வந்த நிமோனியாவில்தான் இது முதலில் அடையாளம் காணப்பட்டது. மூடுபனி மாதிரி தெறிக்கும் தண்ணித் துளியை மூச்சில் இழுப்பதால் வருகிறது, குடிப்பதால் அல்ல, அதனால் ஷவரைத்தான் யோசிக்க வேண்டும். இந்த விஷயத்தில் எங்கள் குளிர் எங்களுக்கு நன்மை. குளிர்காலத்தில் ஆஃப் செய்த கீசர் இரண்டு மூன்று நாளில் 20-க்குக் கீழே போய்விடும். சமவெளியில் இருப்பவர்களுக்குத்தான் தொட்டி 30 டிகிரியில் வாரக்கணக்காக நிற்கும். எந்த ஊரானாலும் திரும்பி வந்ததும் தெர்மோஸ்டாட்டை 60-க்கு வைத்து முழுசாக ஒருமுறை சூடாக்கிவிட்டு, கொஞ்சம் நேரம் அப்படியே விட்டு, பிறகு குளியுங்கள். 60 டிகிரித் தண்ணி நேரே தோலில் பட்டால் சில விநாடியில் வெந்துபோகும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணியைப் பிடித்துவிட்டு வெந்நீரைக் கலப்பது நல்லது. "கரண்ட் மிச்சம்" என்று 40-ல் வைத்துவிட்டு லீவுக்குப் போவது இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. கரண்டும் போகும், கிருமிக்கும் விருந்து.

வந்ததும் முதல் தண்ணியில் அழுகின முட்டை நாற்றம் அடித்தால் அது தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே போட்டிருக்கும் மெக்னீசியம் ஆனோட் கம்பியும் தண்ணியில் உள்ள சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்கிற வேலை. முழுசாகச் சூடாக்கித் திறந்துவிட்டால் பெரும்பாலும் போகும், போகாவிட்டால் அலுமினியம், துத்தநாகம் கலந்த கம்பி போடலாம். இரண்டு வாரம், அதற்கு மேல் பூட்டிக் கிடந்த கீசரில் கொஞ்சம் ஹைட்ரஜன் வாயுவும் சேரக்கூடும், அமெரிக்க, கனடியக் கையேடுகளில் இதைத் தனி எச்சரிக்கையாகவே போட்டிருப்பார்கள். வெந்நீர்க் குழாயை ஓரிரு நிமிஷம் திறந்துவிட்டு ஜன்னலையும் திற, பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம், அவ்வளவுதான்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டால் போதும். வந்து போடும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குளிருக்குப் பயந்து மூடினால் கார்பன் மோனாக்சைடு, அதற்கு மணம் கிடையாது. சோலார் வைத்திருக்கும் என் பெரியம்மா வீட்டில் (கோவில்பட்டிப் பக்கம்) லீவில் யாரும் தண்ணி எடுக்காவிட்டால் டேங்க் கொதித்து மேலே குழாய் வழியாக ஆவி கக்கும். குழாய்களின் மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வருவார்கள், அதுதான் அங்கே ஆஃப் சுவிட்ச்.

அப்படியென்றால் இந்த வைஃபை பிளக் யாருக்கு? ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் வாங்கலாம், யோசிக்கவே வேண்டாம். விருந்தாளி காலி செய்து போனபின் அறை பூட்டிக் கிடக்கும், உள்ளே கீசர் ஓடிக்கொண்டிருக்கும், அதை நிறுத்த ஆள் மேலே ஏறிப் போக வேண்டாம். காலையில் ஐந்துக்கு ஆன், ஏழுக்கு ஆஃப் என்று நேரம் குறித்து வைக்கலாம், நெட் இல்லாவிட்டாலும் எங்கள் பிளக்கில் அந்த நேரக்கணக்கு ஓடுகிறது, எல்லாப் பிளக்கிலும் ஓடாது, கேட்டு வாங்குங்கள். வீட்டில் வயதான அம்மா அப்பாவை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கும் பயன்படும். அப்பா நடுராத்திரி பாத்ரூம் போகும்போது சுவிட்சைத் தட்டிவிட்டு மறந்தால், கோவில்பட்டியில் படுத்துக்கொண்டே பார்த்து அணைக்கலாம். அவருக்கு மட்டும் இதைச் சொல்லாதீர்கள், "என்னைக் கண்காணிக்கிறியா" என்று ஒரு வாரம் பேச மாட்டார்.

வீட்டையே பூட்டிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு இது வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சாக்கெட், தனி எம்.சி.பி., ஒரு பித்தளை இன்லெட் வால்வு, புதுக் கனெக்‌ஷன் பைப் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் சேஃப்டி வால்வையும் மாற்றலாம்.

கம்பெனிச் சேவை பற்றி: பழுப்பேறிய முதல் பிளக்கை மாற்றித் தரச் சொன்னபோது "உங்கள் பின்கோடுக்கு பிக்அப் இல்லை" என்றார்கள். விற்கும்போது இருந்த பின்கோடு திருப்பி வாங்கும்போது எங்கே போனது என்று தெரியவில்லை. போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பி, அடிமாலி வரை போய் நானே பார்சல் போட்ட பின்தான் புதுசு வந்தது. சாக்கெட் லூசாக இருந்தது எங்கள் பக்கத் தப்பு என்பதைச் சொல்லத்தான் வேண்டும், ஆனாலும் அந்த இழுபறிக்காகத்தான் அரை ஸ்டார் குறைத்திருக்கிறேன். மீதி ஒன்று, விளம்பரத்தில் அந்த "உலகத்தில் எங்கிருந்தாலும்" வரிக்கு.

கீசரின் ஆனோட் கம்பியைப் பார்க்க எலக்ட்ரீஷியன் தம்பி மழை விட்டதும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எவ்வளவு தேய்ந்திருந்தது, மாற்ற எவ்வளவு ஆனது என்பதை அப்புறம் இதே இடத்தில் சேர்க்கிறேன்.